கிளப்பில் சேருமுன் அலமாரியைத் திறந்து பாருங்கள்

பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களைப் பிடிப்பதற்காக எல்லா கிளப்களும் மேசை போட்டு உட்காரும் நாள் ஒன்று உண்டு. ஒரு மேசையில் பந்தயக் காரின் ஸ்டீயரிங், அடுத்ததில் ட்ரோன், அதற்கடுத்ததில் துடைத்து வைத்த கோப்பைகள். புதிதாக வந்தவர்கள் வரிசையாகப் போய் எல்லா இடத்திலும் பெயரும் நம்பரும் எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்கள். மறுநாள் காலையில் கைப்பேசி நிறைய வாட்ஸ்அப் குழுக்கள். ஒரு மாதத்துக்குள் எல்லாவற்றையும் மியூட் செய்துவிடுவார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கிளப் வாழ்க்கை அதோடு சரி.

படிக்கும் காலத்தில் நான் ஒரு பந்தயக் கார் அணியின் பொருளாளர். இப்போது ஆசிரியராக, ஒரு தொழில்முறைச் சங்கத்தின் மாணவர் கிளைக்கும் ஒரு வாகன அணிக்கும் ஆலோசகர். கையெழுத்துக்காகக் கதவுக்கு வெளியே காத்து நிற்பதும் தெரியும், கையெழுத்துப் போடுமுன் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேள்வி கேட்பதும் தெரியும். அந்த இரண்டு இடத்திலிருந்தும் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. மாணவர் கிளப் என்பது மூன்று நான்கு ஆண்டுகளில் ஆள் மொத்தமும் மாறிப்போகும் அமைப்பு. வேலை தெரிந்தவர் தெரிந்துகொண்ட சூட்டிலேயே பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். தெரியாதவர் அந்த நாற்காலியில் வந்து உட்காருவார். ஒரு தொழிற்சாலையை இப்படி நடத்தினால் இழுத்து மூட வேண்டியதுதான். ஆகவே போன வருடம் கற்றுக்கொண்டதை இந்த வருடம் மறக்காத கிளப்தான் என் கணக்கில் நல்ல கிளப். கோப்பை, இன்ஸ்டாகிராம் பக்கம், டி-ஷர்ட் எல்லாம் அப்புறம்.

மறக்காத கிளப்புக்கு ஓர் உதாரணம்: தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாணவர் ராக்கெட் குழு 2005-ல் தொடங்கியது. அவர்களுடைய டிராவலர் 4 என்ற ராக்கெட் 2019 ஏப்ரலில் சுமார் 103 கிலோமீட்டர் உயரம் போனது. விண்வெளியின் எல்லை என்று பொதுவாக வைத்துக்கொள்ளும் 100 கிலோமீட்டர் கோட்டை, மாணவர்களே வடிவமைத்துக் கட்டிய ஒரு ராக்கெட் முதல்முறையாகத் தாண்டியது. நடுவில் 14 வருடம். தொடங்கியவர்கள் படிப்பை முடித்துப்போய், அவர்களிடம் கற்றவர்களும் போய், அதற்கும் பின்னால் வந்தவர்கள் கையில் அது நடந்திருக்கிறது.

என்னென்ன வகை

வெளியிலிருந்து பார்க்க எல்லாமே கிளப்தான். உள்ளே போனால் ஒவ்வொன்றும் தனி இனம்.

தொழில்முறைச் சங்கங்களின் மாணவர் கிளைகள் ஒரு இனம். மின்னியல், மின்னணுவியல்காரர்களின் ஐ.இ.இ.இ., 1884-லும் 1912-லும் தொடங்கிய இரண்டு சங்கங்கள் 1963-ல் ஒன்றாகி உருவானது. எந்திரவியலுக்கு ஏ.எஸ்.எம்.இ. (1880), வாகனத்துக்கு எஸ்.ஏ.இ. (1905), கட்டுமானப் பொறியியலுக்கு ஏ.எஸ்.சி.இ. (1852), கணினிக்கு ஏ.சி.எம். (1947). எல்லாம் அமெரிக்காவில் பிறந்தவை, மாணவர் கிளைகள் பல நாடுகளில் இருக்கின்றன. சந்தா கட்டினால்தான் உறுப்பினர். கட்டியவர்களில் நிறையப் பேர் உறுப்பினர் எண்ணை ரெஸ்யூமேயில் ஏற்றிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். அது தண்டச் செலவு. அந்தச் சந்தாவின் உண்மையான பலன், வேலையில் இருக்கும் பொறியாளர்கள் கூடும் உள்ளூர் கிளைக் கூட்டத்தில் நீங்களும் போய் உட்காரலாம் என்பதுதான். அங்கே போய் நாற்காலி எடுத்துப் போட்டாலே நான்கு பேர் பழக்கமாகிவிடுவார்கள். மாணவர் கட்டுரைப் போட்டி, 24 மணிநேரம் தொடர்ந்து நடக்கும் ஐ.இ.இ.இ. எக்ஸ்ட்ரீம் நிரலாக்கப் போட்டி போன்றவற்றிலும் உறுப்பினர் என்ற முறையில் கலந்துகொள்ளலாம்.

போட்டி அணிகள் இன்னொரு இனம். உடம்பையும் நேரத்தையும் அதிகம் கேட்பவை இவைதான், அதிகம் கற்றுத் தருபவையும் இவைதான். கரடுமுரடான பாதையில் ஓட்டும் பாஹா போட்டி 1976-லிருந்து நடக்கிறது. அதில் எல்லா அணிக்கும் ஒரே மாதிரி சின்ன எஞ்சின்தான், வித்தியாசம் காட்ட வேண்டியது மற்ற எல்லாவற்றிலும். மாணவர்களே சின்னப் பந்தயக் கார் கட்டி ஓட்டும் ஃபார்முலா எஸ்.ஏ.இ. போட்டி 1981-ல் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை சுமார் 3,000 கிலோமீட்டர் ஓடும் சூரிய ஒளிக் கார் பந்தயம் 1987-ல் தொடங்கியது. கட்டுமானப் பொறியியல் மாணவர்கள் கான்கிரீட்டில் படகு கட்டித் துடுப்புப் போடுகிறார்கள், அதுவும் மிதக்கிறது. ரோபோக்கள் கால்பந்து ஆடும் ரோபோகப் 1997-ல் நகோயாவில் முதல்முறை நடந்தது. பத்து சென்டிமீட்டர் கனசதுரமாக ஒரு செயற்கைக்கோளைக் கட்டும் கியூப்சாட் அணிகளும் உண்டு. அந்த அளவுமுறையே 1999-ல் இரண்டு பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்காக வகுத்ததுதான். நிரலாக்கத்தில் கல்லூரி அணிகளுக்கான ஐ.சி.பி.சி. போட்டி இருக்கிறது. மூன்று பேர், ஒரே ஒரு கணினி, ஐந்து மணிநேரம். யார் கீபோர்டைப் பிடிப்பது என்பதிலேயே பாதி அணிகள் கவிழ்ந்துவிடும்.

மூன்றாவது துறை மன்றம். விழா, சிறப்புரை, வழியனுப்பு. பொறியியல் குறைவு, ஆட்களை ஒருங்கிணைக்கும் வேலை அதிகம். அதை மட்டமாக நினைக்க வேண்டாம், ஆனால் அதில் பத்துப் பேருக்குத்தான் வேலை இருக்கும் என்பதும் உண்மை. இவை தவிர, எல்லைகளற்ற பொறியாளர்கள் போல ஊர்களுக்குத் தண்ணீர், பாலம், மின்சாரம் என்று வேலை செய்யும் சேவைக் குழுக்கள் பல நாடுகளில் இருக்கின்றன. வெளிநாட்டில் தொழிற்பயிற்சிக்கு ஆள் மாற்றிக்கொள்ளும் ஐயேஸ்டே 1948-லிருந்து இயங்குகிறது.

எப்படித் தேர்வு செய்வது

மேசை போட்ட நாளில் முடிவெடுக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து, எந்த விசேஷமும் இல்லாத ஒரு சாயங்காலம் அந்தக் கிளப்பின் அறைக்கோ பட்டறைக்கோ போங்கள். ‘சும்மா பார்க்க வந்தேன்’ என்று சொன்னால் போதும், யாரும் விரட்ட மாட்டார்கள். விரட்டினால் அதுவே ஒரு பதில்.

போனதும் அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நான் எந்த அணியைப் பார்க்கப் போனாலும் இதைத்தான் முதலில் செய்வேன். நல்ல அணியின் அலமாரியில் எம்5, எம்6, எம்8 என்று அளவுவாரியாகப் போல்ட்டுகள் தனித்தனி டப்பாவில், மேலே பெயர் எழுதி இருக்கும். ஒரு தட்டில் உடைந்த பாகங்கள் கிடக்கும், ஒவ்வொன்றிலும் கம்பியால் கட்டிய சீட்டு: எந்தக் கார், எந்தச் சோதனை, எங்கே விரிசல், என்ன காரணம் என்று சந்தேகிக்கிறோம். அளவுக்கருவிகள் துணி சுற்றிப் பெட்டிக்குள் இருக்கும். யாராவது எடுத்துப்போயிருந்தால் அந்த இடத்தில் எடுத்தவர் பெயரோடு ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். மோசமான அணியின் அலமாரியைத் திறந்தால் வயர் சிக்குதான் முதலில் காலில் விழும். பின்னால் பிரிக்கப்படாத சென்சார் டப்பா இருக்கும், ‘இது யார் வாங்கியது, எதற்கு?’ என்று கேட்டால் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

அடுத்து கேள்விகள். தலைவரிடம் கேட்காதீர்கள், அவர் ஸ்பான்சரிடம் பேசிப்பேசிப் பழகியவர். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து, ‘போன மாதம் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். குறிப்பாக ஒரு பாகத்தையோ வேலையையோ சொன்னால் அங்கே ஜூனியர்களுக்கு வேலை கிடைக்கிறது என்று அர்த்தம். ‘நிறைய கத்துக்கிட்டேன்’ என்று பொதுவாகச் சொன்னால், பெரும்பாலும் அவர் சீனியர்களுக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அப்புறம், போன வருடம் சேர்ந்த முதலாண்டுக்காரர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பாதிப் பேர் போய்விடுவது எங்கும் சகஜம். எல்லாரும் போயிருந்தால் சகஜமில்லை.

ஒன்றில் மட்டும் ஆழமாக இறங்குங்கள். வேண்டுமானால் இன்னொன்றில் சாதாரண உறுப்பினராக இருங்கள். மூன்றாவது வேண்டாம்.

சேர்ந்த பிறகு முதல் சில மாதங்கள்

போட்டி அணியில் சேரும் எல்லாருக்கும் வெல்டிங் செய்ய வேண்டும், கார் ஓட்ட வேண்டும், ஏரோடைனமிக்ஸ் செய்ய வேண்டும். அந்த இடங்களில் ஏற்கெனவே கூட்டம். யாரும் சீண்டாத வேலை எது என்று பாருங்கள்.

ஃபார்முலா எஸ்.ஏ.இ. போட்டியின் மதிப்பெண் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,000. நேர்க்கோட்டில் 75 மீட்டர் வேக ஓட்டத்துக்கு 100. எட்டு வடிவப் பாதையில் வளைவதற்கு 75. வளைந்து நெளிந்த பாதையில் ஒரு சுற்றை வேகமாக முடிக்கும் ஆட்டோகிராஸுக்கு 125. சுமார் 22 கிலோமீட்டர் நீண்ட ஓட்டத்துக்கு 275, எரிபொருள் சிக்கனத்துக்கு 100. இதுவரை 675. மீதி 325 மதிப்பெண்ணுக்குக் கார் நகரவே வேண்டாம்: வடிவமைப்பு 150, செலவு அறிக்கை 100, வணிகத் திட்டம் விளக்குவது 75. அதாவது ஒவ்வொரு போல்ட்டையும் வாஷரையும் எண்ணி, எந்தப் பொருள், எந்த எந்திரத்தில், எவ்வளவு நேரம் என்று அட்டவணை போடும் அந்தச் சலிப்பூட்டும் செலவு அறிக்கைக்கும், எல்லாரும் கைதட்டிப் பார்க்கும் வேக ஓட்டத்துக்கும் ஒரே மதிப்பெண்.

முதலாண்டு மாணவருக்கு வெல்டிங் தெரியாது, சஸ்பென்ஷன் கணக்கும் தெரியாது. எக்ஸல் தெரியும். செலவு அறிக்கையில் உட்காருபவர் காரின் ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். யார் செய்தார், எப்படிச் செய்தார் என்று கேட்டே ஆக வேண்டும். ஆறு மாதம் கழித்துக் காரைப் பற்றி முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். நான் பொருளாளர் ஆனதும் இந்த வழியில்தான். திறமை என்று பெரிதாக ஒன்றுமில்லை, எந்தப் பில் எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

அதேபோல விதிப்புத்தகத்தை முழுதாக வாசியுங்கள். அணிக்கு இருபது பேர் இருந்தால் அதை வாசித்தவர் இரண்டு பேர் இருப்பார்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஃபார்முலா காரில் ஓட்டுநர் ஐந்து நொடிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். காரை 60 பாகை சாய்த்தாலும் கவிழக் கூடாது. பிரேக் சோதனையில் நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்ள வேண்டும். பெட்ரோல் எஞ்சின் 710 சிசி-க்கு மேல் போகக் கூடாது, அதற்குள் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை வழியாகத்தான் போக வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் ஓட்டப் பாதைக்குள் விட மாட்டார்கள். ஒரு வருட உழைப்பு ஓரமாக நிற்பதைப் பார்க்க வேண்டியிருக்கும். கூட்டத்தில் ‘விதி டி பிரிவில் அப்படி இல்லையே அண்ணா’ என்று சொல்லும் முதலாண்டு மாணவரை எந்த அணியும் விடாது.

படிப்புக்கு நேரம் எப்படி என்று எல்லாரும் கேட்கிறார்கள். செமஸ்டர் தொடங்கும்போதே தேர்வுத் தேதிகளைக் கிளப் நாட்காட்டியில் ஏற்றிவிடுங்கள், உங்களுடையது மட்டுமல்ல, எல்லாத் துறையுடையதும். ஒருவருக்குத் தேர்வு முடிந்த வாரம் இன்னொருவருக்குத் தொடங்கும். அதைப் பார்த்து வேலையை மாற்றிப் போட்டால் யாரும் இரவெல்லாம் விழிக்க வேண்டியதில்லை. இரவெல்லாம் விழித்து வேலை செய்ததைப் பெருமையாகச் சொல்லும் அணி, என் பார்வையில், திட்டமிடத் தெரியாத அணி.

புதிதாகத் தொடங்குவதாக இருந்தால்

முதலில் தேவையா என்று பாருங்கள். ட்ரோன் கிளப் தொடங்க வேண்டும் என்று என்னிடம் வருபவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது ரோபோடிக்ஸ் கிளப்புக்குள் ஒரு மேசையும் ஒரு சாவியும்தான். அங்கே கேட்டு, இடம் கிடைக்காவிட்டால் மட்டும் தனியாகத் தொடங்குங்கள்.

தொழில்முறைச் சங்கத்தின் கிளை என்றால் வழி வகுத்தே இருக்கிறது. ஐ.இ.இ.இ. மாணவர் கிளைக்குக் குறைந்தது 12 மாணவர் உறுப்பினர்கள் வேண்டும், ஆலோசகராக உறுப்பினரான ஓர் ஆசிரியர் வேண்டும், விண்ணப்பம் வேண்டும். 12 பேரைச் சேர்ப்பது கஷ்டமில்லை. அந்தப் பன்னிரண்டில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்குக் கீழே என்று பாருங்கள். எல்லாரும் கடைசி வருடம் என்றால் கிளை பிறந்த வருடமே படுத்துவிடும்.

ஆலோசகரைத் தேடும்போது துறையிலேயே பெரிய பதவியில் இருப்பவரைத் தேடிப் போகிறார்கள். அவர் கதவைத் தட்டவே உங்களுக்கு இரண்டு வாரம் ஆகும். வாரத்தில் ஒரு நாள் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடிய ஆசிரியர் போதும். லேப் உதவியாளரையும் முதல் நாளிலிருந்தே மரியாதையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சாவி அவரிடம் இருக்கிறது, எந்த லேத் (கடைசல் எந்திரம்) எந்தப் பக்கம் இழுக்கும் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

அமைப்பு விதிகள் ஒரு பக்கம் போதும். யார் உறுப்பினர், பொறுப்பாளர்கள் யார் யார், தேர்தல் எந்த மாதம், பணத்துக்கு எந்த இரண்டு பேர் கையெழுத்து, ஒரு பொறுப்பாளரை எப்படி இறக்குவது, கிளப் கலைந்தால் கருவிகள் யாருக்கு. கடைசி இரண்டையும் எழுதக் கூச்சப்படுவார்கள். நட்பாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள், சண்டை வந்த பிறகு எழுத முடியாது.

பணம்

ஒரு மாணவரின் சொந்தக் கணக்கில் கிளப் பணம் ஒரு நாள்கூடக் கிடக்கக் கூடாது. அவர் நல்லவரா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. கணக்கு கேட்கும் நாளில் நல்லவர்தான் அதிகம் சங்கடப்படுவார். கல்லூரி வழியாகவோ, இரண்டு கையெழுத்துக் கணக்கு வழியாகவோ மட்டும் போகட்டும். சில்லறைச் செலவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்: தேதி, என்ன பொருள், எந்த வேலைக்கு, யார் வாங்கினார், பில் எண். பில்லை வாங்கிய அன்றே படம் எடுத்து ஏற்றிவிடுங்கள். அந்த வெப்பத்தாள் ரசீதுகள் சில மாதத்தில் வெளுத்துப்போய், தணிக்கைக்கு வெறும் வெள்ளைத் தாளைத்தான் நீட்ட வேண்டிவரும்.

ஸ்பான்சருக்குப் போகும் கடிதங்களைத் தினமும் பார்க்கிறேன். ‘நாங்கள் ஆர்வமுள்ள, துடிப்பான மாணவர்கள்’ என்று தொடங்கும் கடிதம் குப்பைக்குத்தான் போகும். ஒரு நிறுவனத்திடம் அவர்கள் எளிதாகக் கொடுக்கக்கூடியதைக் கேளுங்கள். வெட்டும் பட்டறையிடம் லேசர் வெட்டு, பேரிங் விற்பவரிடம் பேரிங், மென்பொருள் நிறுவனத்திடம் மாணவர் உரிமம். ‘இணைப்பில் உள்ள வரைபடப்படி ஆறு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் எட்டுத் துண்டு, இந்தத் தேதிக்குள்’ என்று எழுதினால் அவர் தொழில்காரர், படித்ததுமே முடியுமா முடியாதா என்று சொல்லிவிடுவார். ரொக்கம் கேட்டால் அவர் மேலே ஒருவரைக் கேட்க வேண்டும், அந்த மேலே இருப்பவர் பதில் போடவே மாட்டார்.

கொடுத்தவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். அவர் கொடுத்த பாகம் காரில் எங்கே இருக்கிறது என்று அம்புக்குறி போட்ட ஒரு படத்தோடு. தோற்றாலும் அனுப்புங்கள். அடுத்த வருடம் வேறொரு செயலாளர் போன் செய்யும்போது அந்த நிறுவனத்துக்கு ஞாபகம் இருப்பது இந்தப் படம்தான்.

கூட்டம், பட்டறை

கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாற்பது நிமிடம். என்ன முடிவு, யார் பொறுப்பு, என்றைக்குள் என்ற மூன்றை மட்டும் ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் எடுத்த முடிவு முடிவே இல்லை, ஒரு வாரத்தில் மேலே ஓடிவிடும்.

பட்டறையைப் பற்றி நிறைய இருக்கிறது, ஏனென்றால் அங்கே கை போகும். தனியாக யாரும் எந்திரத்தை இயக்கக் கூடாது, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரே ஒரு துளைதான் போட வேண்டும் என்றாலும். லேத்திலும் டிரில்லிங் மெஷினிலும் கையுறை போடக் கூடாது. பாதுகாப்பு என்று நினைத்துப் புதியவர்கள் முதலில் போடுவது அதைத்தான், சுழலும் பாகம் துணியைப் பிடித்துக் கையோடு இழுக்கும். நீளமான முடி, துப்பட்டா, அடையாள அட்டைக் கயிறு எல்லாம் கட்டி உள்ளே போக வேண்டும். எந்திரத்தின் பிடியை (சக்) இறுக்கும் சாவியைச் செருகியபடி கையை எடுக்கக் கூடாது.

ட்ரோன், ரோபோ அணிகள் கவனிக்க வேண்டியது லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. உப்பிய பேட்டரியை ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ பயன்படுத்தக் கூடாது. சார்ஜ் போட்டுவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு போகக் கூடாது. சில நாள் தொடப்போவதில்லை என்றால் செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட் அளவில், தீப்பிடிக்காத பெட்டியில் வைக்க வேண்டும். மின்சாரக் கார் அணிகளில் 600 வோல்ட் வரை போகலாம். பயிற்சி முடித்தவர்கள் பெயர்ப் பட்டியலைக் கதவில் ஒட்டுங்கள். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவர் தலைவராகவே இருந்தாலும் பேட்டரிப் பெட்டியைத் திறக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண்கள் சேர்ந்தால் குறிப்பெடுக்க, போஸ்டர் போட, விருந்தினரை வரவேற்க என்று ஒதுக்கிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ‘நீ அழகா எழுதுவியே’ என்று பாராட்டித்தான் செய்கிறார்கள். பெண் பொறியாளர்கள் தங்களுக்கென்று எஸ்.டபிள்யூ.இ. சங்கத்தை 1950-ல் தொடங்கினார்கள், அந்த அளவுக்குப் பழைய பிரச்சினை இது. வேலைகளை ஆள் பார்த்துக் கொடுக்காமல் சுழற்சியில் விடுங்கள். குறிப்பெடுப்பது இந்த மாதம் சேஸிஸ் (காரின் சட்டம்) குழு, அடுத்த மாதம் எஞ்சின் குழு. ஒரு செமஸ்டரில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிடும்.

கைமாற்றிக் கொடுப்பது

எல்லாரும் கடைசி வாரத்தில் செய்ய நினைத்துச் செய்யாமல் போவது இது. தேர்தலைக் கல்வியாண்டின் முடிவில் வைக்காதீர்கள். கடைசி செமஸ்டர் தொடங்கும்போதே புதியவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இரண்டு மாதமாவது பழையவரும் புதியவரும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்ய விடுங்கள். புதியவர் மின்னஞ்சல் எழுதுவார், பழையவர் பார்த்துச் சொல்வார். புதிய பொருளாளர் ஒரு முழுப் பில் கட்டும் சுற்றைப் பழையவர் பக்கத்தில் இருக்கும்போதே முடித்திருக்க வேண்டும்.

வரைபடங்களைச் சேமிப்பதோடு நின்றுவிடாதீர்கள். நான் ஆலோசகராக இருக்கும் வாகன அணியில் பின்பக்க சஸ்பென்ஷனைச் சட்டத்தோடு பிணைக்கும் பிராக்கெட் ஒன்று உண்டு. வரைபடம் அணியின் இணையச் சேமிப்பில் (டிரைவ்) ஒழுங்காக இருந்தது, நான்கு மில்லிமீட்டர் எஃகுத் தகடு. புதிய அணி எடை குறைக்க இறங்கியது. கணினியில் சுமையை ஏற்றிப் பார்த்தார்கள், மூன்று மில்லிமீட்டரே தாராளம் என்று வந்தது. மாற்றினார்கள். சோதனை ஓட்டத்தில் வெல்டிங்கை ஒட்டி முடி போல ஒரு விரிசல். நல்ல வேளை, ஓட்டத்துக்கு ஓட்டம் துடைத்துப் பார்க்கும் வழக்கம் இருந்ததால் கண்ணில் பட்டது. படித்து முடித்துப்போன ஒருவருக்கு அந்தப் படத்தை அனுப்பினார்கள். ‘அதே இடமா? எங்களுக்கும் மூன்றில்தான் விட்டது, அதனால்தான் நான்காக்கினோம்’ என்று பத்து நிமிடத்தில் பதில். அந்த ஒரு வரி வரைபடத்தில் எங்கும் இல்லை. வெல்டிங் சூட்டில் அந்த ஓரம் பலவீனப்படுவதும், ஓட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் அதிர்வும் அவர்கள் கணினிக் கணக்கில் இல்லை.

இப்போது அந்த அணியில் ஒவ்வொரு வரைபடத்திலும் ஒரு கட்டம் இருக்கிறது: ‘ஏன் இப்படி?’ ஒரு வரி போதும். ‘மூன்று மி.மீ.யில் வெல்டிங் ஓரம் விட்டது.’ ‘இந்த அளவு பேரிங்தான் இலவசமாகக் கிடைத்தது.’ இரண்டாவது மாதிரிப் பதில்களை எழுத வெட்கப்படுவார்கள். அதுதான் மிகவும் தேவை. இல்லாவிட்டால் அடுத்த அணி அதில் ஏதோ ஆழ்ந்த காரணம் இருப்பதாக நினைத்து நான்கு வருடம் அதையே பின்பற்றும்.

கைமாற்றுக் கோப்பில் வேறென்ன? ஸ்பான்சர்களில் யாரிடம் பேச வேண்டும், எந்த மாதம் பேச வேண்டும், யாருக்குப் போன் பிடிக்காது. எந்தக் கடையில் சொன்ன தேதிக்குப் பொருள் வரும். கல்லூரியில் எந்த அனுமதிக்கு யாரிடம் எத்தனை நாள் முன்னால் போக வேண்டும். போன வருடக் கால அட்டவணையில் திட்டமிட்ட தேதி ஒரு நிரலில், உண்மையில் முடிந்த தேதி பக்கத்து நிரலில். இந்த இரண்டாவது நிரலைப் பார்த்தால்தான் வெல்டிங்குக்கு இரண்டு வாரம் ஒதுக்கினால் ஐந்து வாரம் ஆகும் என்று புதியவர்களுக்குப் புரியும்.

மின்னஞ்சல், சமூக ஊடகம், டிரைவ், இணையதள முகவரி எல்லாம் கிளப் பெயரில் உள்ள கணக்கில்தான் இருக்க வேண்டும். தனி மனிதர் கணக்கில் ஒரு கோப்புகூட வேண்டாம். படித்து முடித்ததும் கல்லூரி மின்னஞ்சலை முடக்கிவிட்டால் அவர் பெயரில் இருந்த கோப்புகளும் சேர்ந்து போய்விடக்கூடும். கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். உள்நுழையும்போது வரும் ஓடிபி பழைய தலைவரின் நம்பருக்குப் போகும், அவர் வேறு நாட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். ஆகவே பழையவரும் புதியவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கணக்காக வெளியேறி, புதியவர் கைப்பேசியிலிருந்து மட்டும் உள்ளே போய்ப் பாருங்கள்.

போன பிறகு

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ‘கிளப் செயலாளர்’ என்று மட்டும் எழுதினால் அது வெறும் பதவி. ‘செலவு அறிக்கைக்குப் பொறுப்பு, இத்தனை பாகங்களின் செய்முறையை ஆவணப்படுத்தினேன், இந்தப் பாகத்தின் செய்முறையை மாற்றினேன், இவ்வளவு நேரம் மிச்சம்’ என்று எழுதுங்கள். நேர்முகத்தில் அடுத்த கேள்வி அதிலிருந்துதான் வரும், அதற்குப் பதில் உங்களிடம் இருக்கும்.

முன்னாள் மாணவராக உதவ நினைத்தால் வருடத்துக்கு ஒருமுறை வடிவமைப்புப் பரிசீலனைக்கு வந்து உட்காருங்கள். கேள்வி கேளுங்கள், முடிவு சொல்லாதீர்கள். ‘எங்கள் காலத்தில்’ என்று தொடங்கும் வாக்கியங்களுக்கு நான் ஆலோசகராக ஒரு வரம்பு வைத்திருக்கிறேன், ஒரு ஆளுக்கு ஒன்று. ஜூனியர்கள் அனுப்பும் உடைந்த பாகத்தின் படத்துக்கு மட்டும் உடனே பதில் போட்டுவிடுங்கள். அந்தப் பதிலை வரைபடக் கட்டத்தில் எழுதச் சொல்லிவிட்டுப் போனை வைக்கலாம்.